ஏரிக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

போன வருஷம் மாசி மாசம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பின்பக்கச் சுவரை ஒட்டியிருக்கும் ஏரியைச் சீரமைக்க ஒரு நிறுவனம் பணம் தரத் தயாராக இருக்கிறது. ஆனால் முறைப்படி ஒரு 'ஏரி நீர்த்தர மேலாண்மைத் திட்டம்' எழுதித் தர வேண்டும். யார் எழுதுவது? "பி பிளாக் சார்தான் எல்லாத்துக்கும் எக்ஸெல் போடுவாரே" என்று யாரோ என்னைக் கோர்த்துவிட்டார்கள். நானும் ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு சனி, ஞாயிறில் 14 பக்கம் எழுதி முடித்தேன். மிதக்கும் நீரூற்று இரண்டு, கரையைச் சுற்றி நடைபாதை, பெஞ்சுகள், கம்பிவேலி, மரக்கன்றுகள், ஆகாயத்தாமரை அகற்றுதல், தண்ணீரில் தூவ நுண்ணுயிர்ப் பொடி. படமெல்லாம் போட்டு ரொம்ப அழகாக வந்திருந்தது.

கடைசியாக அவர்கள் கொடுத்த படிவத்தை நிரப்பினேன். அதில் இரண்டு கட்டங்கள். 'நீரின் தற்போதைய தரம்', 'மூன்று ஆண்டுகளுக்குப் பின் எதிர்பார்க்கும் தரம்'. முதல் கட்டத்தில் 'மோசம்' என்றும் அடுத்ததில் 'நல்லது' என்றும் எழுதிவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. ஆபீஸில் யாராவது இப்படி ஒரு டிசைன் டாக்குமெண்ட் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எந்த எண்ணை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் கொண்டு வரப் போகிறோம் என்று தெரியாமல் 14 பக்கம்! லாக் ஃபைலைத் திறந்தே பார்க்காமல் சர்வரை மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம் என்று சொல்வது மாதிரி.

அந்த 14 பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், அதற்குப் பிறகு எங்கள் ஏரியில் நாங்கள் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் ஏரிக்கும் யாராவது ஒருநாள் திட்டம் எழுதச் சொல்லலாம்.

லேக் ஸ்டிங்கோ

படிக்க ஆரம்பித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரி. வேலை நிமித்தம் பெல்வியூ நகரில் இரண்டரை வருஷம் இருந்தேன். ஒரு பக்கம் சியாட்டில், மறு பக்கம் பெல்வியூ, நடுவில் ஏரி. சுமார் 88 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 65 மீட்டர். கோடைக்காலத்தில் என் பையன் அதில் குதித்து விளையாடியிருக்கிறான். பெரிய நகரத்துக்கு நடுவில் இருக்கும் ஏரி எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. குளிர்நாடு, பணக்கார நாடு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அது அப்படி இருக்கவில்லை என்பதுதான் கதை. 1963இல் சியாட்டில் பத்திரிகையொன்று அந்த ஏரிக்கு 'லேக் ஸ்டிங்கோ' என்று பெயர் வைத்தது. நாத்த ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலகட்டத்தில் தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பதுகூடத் தெரியாது. அவ்வளவு பாசி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏரியில் யாரும் பச்சைச் சாக்கடையை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டார்கள்தான். ஆனால் 1930களிலேயே சியாட்டில் நகரம் தன் சாக்கடையை ஏரியிலிருந்து திருப்பிவிட்டது. பிறகு கரையைச் சுற்றிச் சிறுசிறு ஊர்கள் வளர்ந்தன. 1941 முதல் ஒவ்வொன்றாகச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு வரை செய்து, நாற்றமும் கிருமியும் குறைந்த தண்ணீரைத்தான் ஏரியில் விட்டார்கள். அந்தந்த ஊர் தன் வேலையைச் சரியாகச் செய்ததாகவே நினைத்தது. உச்சத்தில், நாளொன்றுக்கு சுமார் 7.5 கோடி லிட்டர் சுத்திகரித்த கழிவுநீர் ஏரிக்குள் போனது.

1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் டபிள்யூ. டி. எட்மண்ட்சனின் குழு, ஏரித் தண்ணீரில் ஒரு நீலப்பச்சைப் பாசியைக் கண்டது. ஆஸிலட்டோரியா ருபெஸன்ஸ் என்று பெயர். ஆளைக் கொல்லும் பாசி ஒன்றும் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரி 1890களில் கெட ஆரம்பித்தபோது வந்தது இதே பாசிதான். நம் வீட்டுச் சுவரில் முதல் கரையான் கோடு தெரிகிற மாதிரி. எட்மண்ட்சனுக்கு அர்த்தம் உடனே புரிந்தது.

ஏன் பாஸ்பரஸ்?

பாசி ஒரு செடி மாதிரிதான். வளர அதற்கு வெளிச்சமும் கரியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். கரியும் நைட்ரஜனும் காற்றிலேயே இருக்கின்றன. சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நேராகவே இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் அப்படிக் காற்றிலிருந்து கிடைக்காது. அதனால் பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் பாசி எவ்வளவு வளரலாம் என்பதைத் தீர்மானிப்பது பாஸ்பரஸ். நூறு இட்லிக்கு மாவு இருக்கிறது, ஆனால் தட்டில் குழி பதினாறுதான் என்றால் ஒரு ஈட்டுக்குப் பதினாறுதானே? பாஸ்பரஸ் அந்தக் குழி.

சுமாராக ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்கும் என்பது ஏரி ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்தப் பாஸ்பரஸ் நம்மிடமிருந்துதான் போகிறது. ஒரு ஆளின் மலம், சிறுநீர் வழியாக ஒரு நாளைக்கு சுமார் 1.5 கிராம். சாதாரண இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு, நாற்றமடிக்கும் கரிமப் பொருளைத்தான் தின்று தீர்க்கும். பாஸ்பரஸில் கால்வாசியை எடுத்தால் அதிகம். மீதி முக்கால்வாசி, கண்ணாடி மாதிரி தெரியும் தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது.

1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டினார். சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரியின் இடுப்பு மாதிரி குறுகிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கரியும் நைட்ரஜனும் கொட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறு பாதி பச்சைச் சட்னி. தேடிப் பாருங்கள், மறக்க முடியாத படம்.

முதலில் கணக்கு, அப்புறம் திட்டம்

எட்மண்ட்சன் செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். ஏரியை எப்படி அழகுபடுத்தலாம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஏரிக்குள் பாஸ்பரஸ் எந்தெந்த வழியாக, எவ்வளவு வருகிறது என்று கணக்கெடுத்தார். பாதிக்கு மேல் கழிவுநீர்க் குழாய்கள் வழியாக வந்தது. அதை நிறுத்தினால் ஏரி சில ஆண்டுகளிலேயே தேறிவிடும், நிறுத்தாவிட்டால் எப்படிக் கெடும் என்று முன்கூட்டியே சொன்னார். தப்பா ரைட்டா என்று பின்னால் யாரும் சரிபார்க்கக்கூடிய மாதிரி சொன்னார்.

இந்தக் கணக்குக்குப் பின்னாளில் ரிச்சர்ட் வோலன்வைடர் என்ற சுவிஸ் விஞ்ஞானி ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். ஏரியில் தண்ணீர் சராசரியாக எத்தனை வருஷம் தங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். உள்ளே வரும் தண்ணீரின் பாஸ்பரஸ் அளவை அதால் வகுத்தால், ஏரியில் எவ்வளவு இருக்கும் என்று தெரியும். வாஷிங்டன் ஏரியில் தண்ணீர் தங்குவது சுமார் 2.4 வருஷம். வர்க்கமூலம் 1.55, ஒன்றைக் கூட்டினால் 2.55. வரும் தண்ணீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் ஏரியில் 39 இருக்கும். மீதி அடியில் படியும்.

இந்த எண்ணுக்கு ஒரு அளவுகோலும் இருக்கிறது. ஓஇசிடி நாடுகளின் ஆய்வில் வந்த வகைப்பாடு: லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் தெளிந்த ஏரி. 10 முதல் 35 வரை நடுத்தரம். 35 முதல் 100 வரை சத்து மிகுந்து பாசி பிடிப்பது. 100க்கு மேலே போனால் நம் ஊர் நகர ஏரிகள்.

ஆக, ஒரு திட்டம் என்பது நான்கே வரி. இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும், எங்கிருந்து வருகிறது, எதை நிறுத்தப் போகிறோம். நான் எழுதிய 14 பக்கத்தில் இந்த நாலு வரியும் இல்லை.

மார்ச்சில் தோல்வி, செப்டம்பரில் வெற்றி

கணக்குத் தெரிந்தால் மட்டும் ஏரி தேறாது. சுற்றியுள்ள எந்த ஊருக்கும் முழு ஏரி சொந்தமில்லை. ஒவ்வொரு ஊரும், 'நாங்கள்தான் சுத்திகரித்து விடுகிறோமே' என்றது. எல்லா ஊர்க் குழாய்களையும் ஒன்றாக இணைத்து ஏரிக்கு வெளியே கொண்டு போக, ஊர்களுக்கு மேலே ஒரு அமைப்பு வேண்டும். ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞர் இதற்காக முன்னின்றார். எட்மண்ட்சன் அவருக்கு எண்களைக் கொடுத்தார். 'மெட்ரோ' என்ற அமைப்புக்கு 1958 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. சியாட்டிலில் வென்றது. புறநகர்களில் தோற்றது. இரண்டு இடத்திலும் வென்றால்தான் செல்லும் என்பதால் மொத்தமாகத் தோற்றது.

அடுத்து அவர்கள் செய்தது எங்கள் துறையில் தினமும் நடப்பது. ஸ்கோப்பைக் குறைத்தார்கள். முதல் திட்டத்தில் கழிவுநீரோடு போக்குவரத்து, நகரத் திட்டமிடல் எல்லாம் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, எல்லையையும் சுருக்கி, கழிவுநீர் மட்டும் என்று செப்டம்பரில் மறுபடியும் மக்களிடம் போனார்கள். வென்றார்கள். சுமார் 14 கோடி டாலர் செலவு, உள்ளூர் மக்களே கட்டினார்கள். 1963இல் குழாய்கள் திரும்ப ஆரம்பித்து 1968இல் வேலை முடிந்தது.

ஏரி எட்மண்ட்சன் சொன்னபடியே நடந்துகொண்டது. 1969க்குள் குளிர்காலப் பாஸ்பேட் 1963இல் இருந்ததில் 28 சதவீதமாக இறங்கியது. நைட்ரேட் 80 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. பாசியோ பாஸ்பரஸோடு சேர்ந்தே இறங்கியது. எது குற்றவாளி என்ற வாதம் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. ஒரு மீட்டருக்கும் குறைவாக இருந்த தெளிவு 1968இல் சுமார் 3 மீட்டர். 1970களின் கடைசியில் 5 மீட்டரைத் தாண்டியது. என் பையன் குதித்தது இந்தத் தண்ணீரில்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கழிவுநீர் மாயமாகிவிடவில்லை. ஒரு பகுதி கடலோரத்தில் வெஸ்ட் பாயிண்ட் நிலையத்துக்குப் போய் ப்யூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் கலந்தது. அந்த நிலையத்தில் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு வந்ததே 1990களில்தான். ஏரிக்கு நல்லது நடந்தது. பாஸ்பரஸ் வேறு விலாசத்துக்கு மாறியது. திட்டம் எழுதுகிறவர்கள் 'எங்கே போகும்' என்ற கேள்வியையும் எழுதி வைக்க வேண்டும்.

பங்குனி மாச ராத்திரி

சரி, எங்கள் ஏரிக்கு வருவோம். 40 ஏக்கர், பங்குனியில் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். அதாவது சுமார் 24 கோடி லிட்டர் தண்ணீர்.

முதல் வேலை அளப்பது. 20 சென்டிமீட்டர் அகல எவர்சில்வர் தட்டு ஒன்றில் நாலு கால்பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் பெயிண்ட் அடித்து, அடியில் நட்டு போல்ட்டுகளைக் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிட்டோம். இதுக்குப் பெயர் செக்கி தட்டு. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்ததிலிருந்து வந்தது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தெளிவு. மதகு மேடையில் நின்று இறக்கினோம். 20 சென்டிமீட்டரில் தட்டு காணோம். என் மனைவி, "கயித்துக்கு இவ்வளவு நீளம் தேவையே இல்லியே" என்றாள்.

தனியார் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பினோம். மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 600 மைக்ரோகிராம். படிவத்தின் முதல் கட்டத்துக்கு எண் கிடைத்துவிட்டது.

அடுத்து வரவு. பங்குனியில் மழை இல்லை. வரத்துக் கால்வாயில் அப்போது ஓடுகிற தண்ணீர் எதுவானாலும் அது வீடுகளிலிருந்து வருவதுதான். பகலில் ஒருமுறை, ராத்திரி 11 மணிக்கு ஒருமுறை, டார்ச்சோடு மூன்று பேர் கால்வாய் ஓரமாக நடந்தோம். மொத்தம் ஏழு குழாய்கள். ஆறில் பகலிலேயே தண்ணீர் ஓடியது. ஏழாவது, பகலில் காய்ந்து கிடந்தது, ராத்திரி நுரையோடு ஓடியது. பெரிய குழாய். தண்ணீர் தெளிவாக இருந்தது, நாற்றம்கூட இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் எங்கள் குடியிருப்பின் பின்சுவரில் போய் முட்டியது.

சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் தம்பியிடம் மறுநாள் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "டேங்க் ரொம்பிடுச்சுன்னா வேற எங்க சார் விடறது? தோட்டத்துக்குப் பாதிதான் ஆவுது. டேங்கர் லாரி கூப்பிட்டா மாசம் எவ்ளோ ஆவும்னு கமிட்டியில கேட்டுப் பாருங்க. அதுவும் இது சுத்தம் பண்ண தண்ணி சார், கண்ணாடி மாதிரி இருக்கும்."

வாஷிங்டன் ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் சொன்ன அதே பதில். அந்தக் கண்ணாடித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பாஸ்பரஸ் லிட்டருக்கு 7 மில்லிகிராம், அதாவது 7000 மைக்ரோகிராம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழு குழாய்கள் வழியாகவும் வருவது சுமார் 5000 பேரின் கழிவுநீர். ஆளுக்கு 1.5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 7.5 கிலோ பாஸ்பரஸ். இதை 24 கோடி லிட்டரில் கலந்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் ஏறும். தெளிந்த தண்ணீரை இன்று ஊற்றி நிரப்பினாலும் இரண்டே நாளில் பாசி பிடிக்கும் வகைக்குப் போய்விடும்.

என் 14 பக்கத் திட்டத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். நீரூற்று தண்ணீருக்குக் கொஞ்சம் பிராணவாயு கொடுக்கும். பாஸ்பரஸில் ஒரு கிராம்கூடக் குறைக்காது. பொடியும் அப்படித்தான். ஆகாயத்தாமரையை அள்ளினால் கொஞ்சம் வெளியேறும். ஆனால் ஈரமாக 100 டன் அள்ளினால் அதில் இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 20 கிலோ. மூன்று நாள் வரவுகூட இல்லை.

அடுத்து எங்கள் பங்கு. 220 வீடு, சுமார் 700 பேர். தோட்டத்துக்குப் போனது போக ராத்திரியில் ஏரிக்குள் விடுவது ஒரு நாளைக்கு சுமார் 300 கிராம். சதவீதத்தில் பார்த்தால் 4தான். ஆனால் ஆழமில்லாத ஏரி தெளிவாக இருக்க வேண்டுமானால் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வர வேண்டும். அப்படியென்றால் மொத்த ஏரித் தண்ணீரிலும் 24 கிலோவுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக்கூடாது. மற்ற ஆறு குழாய்களையும் அடைத்துவிட்டால்கூட, எங்கள் ஒரு குழாய் அந்த 24 கிலோவை இரண்டரை மாதத்தில் கொண்டு வந்து போட்டுவிடும்.

கணக்கு இடிக்கும் இடம்: சேறு

இன்னொன்றும் இடித்தது. ஒரு நாளைக்கு 7.5 கிலோ என்றால் வருஷத்துக்கு 2700 கிலோவுக்கு மேல் வரவு. ஏரித் தண்ணீரில் இருப்பதோ 600 மைக்ரோகிராம் கணக்கில் 146 கிலோ. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் வழியாகக் கொஞ்சம் வெளியே போகும். மீதி எங்கே? அடியில், சேற்றில்.

வாஷிங்டன் ஏரியோடு எங்கள் ஏரியை அப்படியே ஒப்பிட முடியாதது இங்கேதான். அது ஆழமான ஏரி. அடித்தண்ணீரிலும் பிராணவாயு இருந்தது. சீடர் ஆறு காட்டிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து கழுவிவிட்டது. சேற்றுக்குப் போனது சேற்றிலேயே தங்கியது. ஆழமில்லாத ஏரியில் அப்படி நடக்காது. அடியில் பிராணவாயு தீர்ந்ததும், இரும்போடு ஒட்டிக்கிடந்த பாஸ்பரஸ் கழன்று மறுபடியும் தண்ணீருக்கு வரும். பழைய கடன் வட்டியோடு வாசலுக்கு வருவது மாதிரி.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஷகாவா ஏரி என்று ஒன்று. 1973இல் பாஸ்பரஸையும் நீக்கும் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, வெளியிலிருந்து வருவதில் சுமார் முக்கால் பங்கை நிறுத்தினார்கள். ஆனாலும் கோடையில் பாசி வந்துகொண்டே இருந்தது. சேறு கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் வேக்ஷோ நகரில் ட்ரும்மன் ஏரியிலும் 1950களில் கழிவுநீரைத் திருப்பியும் தேறவில்லை. 1970, 71இல் அடிச்சேற்றை சுமார் ஒரு மீட்டருக்கு உறிஞ்சி எடுத்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான். முதலில் குழாய், பிறகு சேறு. வரிசையை மாற்றித் தூர் வாரினால், வாரிய இடத்தில் புதுச் சேறு நிரம்பும்.

இதைப் படித்தபோது நம் ஊர்ப் பழக்கம் ஒன்று புதிதாகப் புரிந்தது. முன்பெல்லாம் கோடையில் ஏரி வற்றும். வற்றினதும் வண்டல் மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஏரி தூர்ந்துபோகாமல் இருக்கவும் வயலுக்கு உரமாகவும் என்று நமக்குத் தெரியும். நீர்த்தரக் கணக்கில் பார்த்தால், வருஷா வருஷம் ஏரியின் பாஸ்பரஸைச் செலவுப் பத்தியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது வரவு பல மடங்காகிவிட்டது, செலவுப் பத்தி காலி.

நிறைஞ்ச ஏரியா, சுத்தமான ஏரியா?

இதையெல்லாம் இரண்டு பக்கமாக எழுதிக் குடியிருப்புக் கூட்டத்தில் வைத்தேன். நான் எதிர்பார்த்த சண்டை குழாயைப் பற்றியது. வந்தது வேறு.

ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டார்: "சார், ஏழு குழாயையும் நிறுத்திட்டா வைகாசியில ஏரியில தண்ணி இருக்குமா?"

இருக்காது. நம் ஊர் வெயிலில் வருஷத்துக்கு சுமார் 2 மீட்டர் ஆவியாகப் போகும். மழைக்காலம் முடிந்த பிறகு ஏரியை நிரப்பி வைத்திருப்பதே எங்கள் கழிவுநீர்தான். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், பாஸ்பரஸ் தங்கிவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் நாற்றம் உச்சத்துக்கு வருகிறது. குழாய்களை அடைத்தால் கோடையில் ஏரி பாதிக்கு மேல் வற்றும், சில வருஷம் முழுக்கவே வற்றும். 'லேக் வியூ' என்று விளம்பரம் பார்த்து வீடு வாங்கியவர்களுக்கு அது கசப்பான செய்தி. கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

என் பதிலைச் சொன்னேன். ஏரி என்றால் வற்றி வற்றி நிறைவதுதான் அதன் இயல்பு. வற்றும் மாதத்தில்தான் வண்டல் எடுக்க முடியும். வருஷம் பூரா தண்ணீர் வேண்டுமென்றால் பாஸ்பரஸையும் நீக்கும் சுத்திகரிப்பு வைத்து, கரையோரம் கோரையும் நாணலும் வளர்த்த சதுப்பு வழியாக வடித்து விட வேண்டும். அதற்குப் பணமும் பராமரிப்பும் அதிகம். எது வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம்தான். அந்த முடிவை எடுக்காமல் திட்டம் எழுத முடியாது.

அன்று முடிவாகவில்லை. மார்ச் மாத வாக்கெடுப்பு மாதிரி தோற்றுப் போனது. இரண்டாவது கூட்டத்துக்கு நானும் ஸ்கோப்பைக் குறைத்துக்கொண்டு போனேன். ஏரியைப் பற்றிப் பேசவில்லை. ஏழாவது குழாயை மட்டும் பேசினேன். சுத்திகரித்த தண்ணீரைக் கழிப்பறை ஃபிளஷ்ஷுக்குக் கொண்டுபோகத் தனிக் குழாய் கட்டும்போதே போட்டிருக்கிறார்கள், வால்வை யாரும் திறக்கவில்லை. அதைத் திறந்தால் டேங்க் நிரம்புவது குறையும், மெட்ரோ வாட்டர் லாரிச் செலவும் குறையும். தோட்டத்துக்கு உரமும் வாங்க வேண்டாம், அந்தப் பாஸ்பரஸே உரம். மிஞ்சுவதை டேங்கரில் அனுப்பினால் வீட்டுக்கு மாசம் எவ்வளவு கூடும் என்று ஒரு எண்ணும் வைத்திருந்தேன். கை தூக்கச் சொன்னார்கள். எட்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

ஃபிளஷ் லைன் இப்போது மூன்று பிளாக்கில் ஓடுகிறது. ஆரம்பத்தில் வாடை வருகிறது என்று இரண்டு வாரம் திட்டு வாங்கினேன். வடிகட்டியை மாற்றியதும் நின்றது. ஏழாவது குழாய் ராத்திரியிலும் காய்ந்து கிடக்கிறது. மற்ற ஆறு குழாய்களின் இடத்தையும் அளவையும் படத்தோடு உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கிறோம். பாதாளச் சாக்கடை இணைப்பு வரும்வரை அவை ஓடும். பணம் தருவதாகச் சொன்ன நிறுவனம் நீரூற்று இல்லையென்றதும் கொஞ்சம் தயங்கியது, பெயர்ப்பலகை வைக்க இடம் வேண்டுமாம். குழாய்கள் நின்ற பிறகு வண்டல் எடுக்கும் வேலைக்கு அந்தப் பலகையை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டை இறக்கினோம். 22 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வெயில் சாய்ந்திருந்ததால்கூட இருக்கலாம், அதற்கு நான் சந்தோஷப்படப் போவதில்லை. மாசம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கிறோம். படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் இப்போது 'நல்லது' என்று இல்லை. 'லிட்டருக்கு 100 மைக்ரோகிராம்; தட்டு அடிவரை தெரிய வேண்டும்' என்று இருக்கிறது.

உங்கள் ஊரில் ஏரி இருந்தால், மழை பெய்து ஒரு மாசமாவது ஆன பிறகு, ராத்திரி 11 மணிக்கு வரத்துக் கால்வாய் ஓரமாக ஒரு நடை நடந்து பாருங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், துணைக்கு ஆளையும் கூட்டிக்கொள்ளுங்கள். எத்தனை குழாய் ஓடுகிறது என்று எண்ணுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினால் ஆச்சரியப்படாதீர்கள். உங்கள் திட்டத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.